மூன்று ஸ்பூன் சர்க்கரை

ஜோகுபாளையத்துப் பெண்களைக் கூட்டிவர ரூபினியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று வித்யாலட்சுமி மேடம் நேர்காணலிலேயே சொல்லிவிட்டார். அது பாராட்டுதானா என்று ரூபினிக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. உயிர்வேதியியல் எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பில் தேறியவள் அவள். மேடத்தின் விரல் நின்றதோ மதிப்பெண் பட்டியலில் அல்ல, விண்ணப்பத்தில் இருந்த முகவரியில்.

வேலை கிடைத்தது, அது போதும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டுரை. தன் பெயர் அச்சான ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. பிஎச்.டி. இடத்துக்காக இரண்டு வருடம் தொடர்ந்து நேர்காணல்களுக்குப் போயிருந்தாள். இரண்டு முறையும் எதிரே இருந்தவர்கள் "பப்ளிகேஷன் ஏதாவது?" என்று கேட்டார்கள். இரண்டு முறையும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

மேடத்தின் ஆராய்ச்சி, உடம்பு எதை எரித்து உயிரோடு இருக்கிறது என்பதைப் பற்றியது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற ஒருவரை அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். தலைக்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கவிழ்ப்பார்கள். அவர் விடும் மூச்சை மெஷின் இழுத்து அளந்து ஓர் எண்ணைத் தரும். உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டிருந்தால் எண் பூஜ்யம் புள்ளி ஏழுக்குப் பக்கத்தில் நிற்கும். சர்க்கரையை எரித்தால் ஒன்றை நோக்கி ஏறும். இரவெல்லாம் சாப்பிடாத உடம்பு காலையில் தன் கொழுப்பைத்தான் எடுத்து எரிக்க வேண்டும். அப்படிச் செய்யத் தெரியாத உடம்பு பின்னாளில் சர்க்கரை நோயில் போய் விழும் என்பது மேடத்தின் கணிப்பு. வீட்டுவேலையும் துப்புரவு வேலையும் செய்கிற பெண்களிடம் அதை அளந்து பார்க்க விரும்பினார்.

முப்பத்தாறு பெண்கள் தேவைப்பட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்க ரூபினிக்கு வாய் வராது. அதனால் அவள் அம்மா எல்லம்மா முன்னால் நடந்தாள். அல்சூர் ஏரிப் பக்கத்து அப்பார்ட்மெண்டுகளில் இருபது வருடமாகச் சமைக்கிறவள். அவள் பேச்சைத் தெருவில் யாரும் தட்டுவதில்லை.

"எம்பொண்ணு வேலை செய்ற எடத்துல ஒரு டெஸ்ட்டு. ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. வேன் வந்து இட்டுகினு போவும், இட்டாந்து வுடும். படுத்து எந்திரிச்சா ஆச்சு."

முதலில் சரி என்றவள் மமதா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். புருஷன் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மமதாவுக்கு தொம்லூரில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங். காலையில் அவசரமாக ஓடுவாள். மத்தியானம் கேன்டீனில் மிஞ்சினால் உண்டு. அவள் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவது இரவு ஒரு வேளைதான்.

"படுத்து தூங்குறதுக்கு வேன் வெச்சி இட்டுகினு போறாங்கோ. எம்மாமியார் கேட்டா வயிறு எரிவாங்கோ" என்று சிரித்தாள்.

ரூபினி ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் எழுதிப் படித்துக்காட்டிக் கொடுத்தாள். முந்தின நாள் ராத்திரி ஏழரைக்கு மேல் எதுவும் கூடாது. காலையில் தண்ணீர் மட்டும்.

ஜனவரியில் தொடங்கினார்கள். நாளைக்கு நான்கு பேர். மஞ்சுநாத் ஓட்டும் வேன் காலை ஐந்தரைக்கு ரூபினியின் வீட்டு வாசலில் நிற்கும். பெண்கள் அங்கேதான் வந்து சேர வேண்டும். ரூபினியோ நாலே முக்காலுக்கே ஸ்கூட்டரை எடுத்துவிடுவாள். மெஷின் சூடாக அரை மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு வாயு விட்டுச் சரிபார்க்க வேண்டும். பெண்கள் வந்து இறங்கியதும் அவளே படிவத்தைப் படித்துக் காட்டிக் கேட்பாள்.

"சாப்டீங்களாக்கா?"

"இல்லம்மா."

டிக் போடுவாள், கையெழுத்து வாங்குவாள், கூட்டைக் கவிழ்ப்பாள்.

ஒன்பது நாளில் முப்பத்தாறு பேரும் முடிந்தார்கள். சராசரி பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று. மேடம் முதலில் நம்பவில்லை. டெக்னீஷியன் ஓஸ்வால்டைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னார். கூட்டுக்குள் ஸ்பிரிட்டை எரித்துப் பார்த்த அவன் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்றான். அன்றைக்கு மேடத்தின் முகத்தில் ரூபினி பார்த்த வெளிச்சம் அதற்கு முன் பார்க்காதது.

"பன்னெண்டு மணி நேரம் பட்டினி. அப்பவும் கொழுப்பத் தொடவே மாட்டேங்குது இவங்க உடம்பு. எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா ரூபினி இது?"

அந்தப் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மேடம் உண்மையாகவே நினைத்தார். மார்ச்சில் ஒரு நோட்டீஸ் தயாரானது. உங்கள் உடல் பட்டினியிலும் சர்க்கரையையே எரிக்கிறது, இது ஆபத்தின் அறிகுறி. இரவில் சோறும் களியும் தவிர்க்கவும். மூன்று மாதத்தில் மீண்டும் அளப்போம். ரூபினிதான் தமிழில் எழுதினாள். அடியில் 'விவரங்களுக்கு: ரூபினி, எம்.எஸ்சி.' என்று போட்டார்கள். எல்லம்மா அதை லேமினேட் செய்து அடுப்புக்கு மேலே ஒட்டினாள். வீடு வீடாகப் போய் ரூபினியே கொடுத்தாள். மமதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாள் ராத்திரி சோறு வேணாம்கா" என்றாள். மமதா சரி என்று தலையை ஆட்டினாள்.

ஜூனில் இரண்டாவது சுற்று. அந்தச் சமயம் எல்லம்மா ஊரில் இல்லை. கோலார் தங்கவயலில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு வாரம் போயிருந்தாள். ரூபினி கிளம்பிய பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. பெண்கள் தெருமுனையில் நின்று வேன் ஏறினார்கள்.

இந்த முறை சராசரி பூஜ்யம் புள்ளி எட்டு. படிப்பு சொல்லிக்கொடுத்த எண், ஆரோக்கியமான எண். மேடம் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். எல்லோர் முன்னாலும் ரூபினியின் தோளில் கை வைத்தார்.

"உன் நோட்டீஸ் வேலை செஞ்சிருக்கும்மா. எடையும் குறைஞ்சிருக்கு பாரு. இந்த மமதா நாலு கிலோ. பேப்பர்ல உன் பேரு ரெண்டாவது, சரியா?"

ரூபினி தலையைக் குனிந்துகொண்டு மைசூர்பாகைத் தின்றாள். அதைப் போல இனிப்பான ஒன்றை அவள் வாழ்க்கையில் தின்றதில்லை.

இரண்டு நாள் கழித்து, மூச்சு மெஷினுக்கான வாயு சிலிண்டரை இறக்க வந்த மஞ்சுநாத் ரூபினியிடம் பேச்சுவாக்கில் சொன்னான். அவன் வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ்.

"இந்த வாட்டி மஜாவே இல்ல மேடம். உங்கம்மா ஊருக்குப் போய்ட்டாங்க, டீ இல்ல."

"எந்த டீ?"

"என்னா மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க. ஜனவரில டெய்லி குடுத்தாங்கல்ல. எனக்கும் குடுப்பாங்க, அந்த நாலு பேருக்கும் குடுப்பாங்க. சக்கத் டீ, செம டேஸ்ட்டு. அதுக்காவே நான் பத்து நிமிஷம் முன்னாடி வந்து நிப்பேன்."

ரூபினி சிலிண்டரின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அது சில்லென்று இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியிருந்த எல்லம்மா வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, டெஸ்ட்டுக்குப் போன அக்காங்களுக்கு டீ குடுத்தியா?"

"ஆமா. ஏன்?"

"எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"சாப்பாடு ஒண்ணும் குடுக்கலியே. ஜனவரிக் குளுர்ல வந்து படில குந்தினு இருக்காளுங்கோ. நான் மட்டும் உள்ள நின்னுகினு டீ குடிப்பனா? நம்ம வூட்டு வாசலுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பிட்டு நாளைக்கி தெருவுல எப்பிடி தலை காட்டுறது? அதுவும் உனுக்காக வந்தவளுங்கோ."

"அவங்க யாருமே வாணாம்னு சொல்லலியா?"

"மமதா கேட்டா. பேப்பர்ல வாணாம்னு போட்டுக்கிதேக்கா, குடிக்கலாமான்னு. ரூபினி வூட்டு டீ, ஒண்ணும் ஆவாது, குடின்னேன். இதுவும் டெஸ்ட்டுல ஒரு பாகம்னு நெனச்சிகினாளுங்க போல. அப்புறம் ஒருத்தியும் கேக்கல."

ரூபினி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தாள். லேமினேஷனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது.

"எவ்ளோ சக்கரை போட்ட?"

"நமக்கு ரெண்டு. அவங்களுக்கு மூணு ஸ்பூனு. அங்க போயி மயக்கம் போட்டு வுழுந்தா உனுக்குத்தான கெட்ட பேரு." எல்லம்மா கத்தியை நிறுத்தினாள். "ஏன்டி, ஏதாவது தப்பாய்டுச்சா?"

"இல்லம்மா."

மறுநாள் ரூபினி இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தாள். விடியற்காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு லேபுக்குப் போனாள். யாரும் வருவதற்கு முன் மெஷினைச் சூடாக்கி, பொத்தானை அழுத்திவிட்டுத் தானே படுத்துக் கூட்டைக் கவிழ்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் வெளியே நின்று பார்த்த கூடு உள்ளே இருந்து பார்க்கும்போது வேறாக இருந்தது. மூச்சு பட்டுப் பிளாஸ்டிக் லேசாக மங்கியது. மேலே கூரையில் ஒரு ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தாறு பேரும் இதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். ஒருத்தியும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்பது.

அடுத்த நாள் கிளம்பும்போது அம்மாவிடம் டீ கேட்டாள். மூன்று ஸ்பூன் என்றாள். எல்லம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டுக்குள் படுத்தாள்.

பூஜ்யம் புள்ளி ஒன்பது இரண்டு.

மேடத்தின் அறைக்கு அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அதே வரிசையில் சொல்லி முடித்தாள். டீ, மூன்று ஸ்பூன், முப்பத்தாறு பேருக்கும். இரண்டாவது சுற்றில் அம்மா ஊரில் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு வருடமாக இந்த லேபைக் கட்டி எழுப்பியவர். கோபப்படுவார் என்று ரூபினி எதிர்பார்த்திருந்தாள். அவர் குரல் உயரவேயில்லை.

"யாரு சொன்னா இத?"

"வேன் டிரைவர். அப்புறம் எங்கம்மா."

"எந்தத் தேதில யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு உங்கம்மா எழுதி வச்சிருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"எங்கிட்ட முப்பத்தாறு ஃபார்ம் இருக்கு. தண்ணி தவிர எதுவும் எடுத்துக்கலன்னு ஒவ்வொண்ணுலயும் டிக் இருக்கு. அத யாரு போட்டது?"

"நான்தான்."

"பிக்கப் பாயிண்ட் யாரு வீடு?"

ரூபினி தாள்களை மேசைமேல் வைத்தாள்.

மேடம் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தார். அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ரூபினிக்கும் தெரிந்தது.

"இது ஒரே ஆளும்மா. ஒரு ஆள வச்சு என்ன நிரூபிக்க முடியும்? அதுவும் ஸ்டாஃப். எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம உன் மேலயே டெஸ்ட் பண்ணியிருக்க. இத நான் வெளிய எடுத்தா முதல் கேள்வி உன்னத்தான் கேப்பாங்க. நான் சொல்றது உன் நல்லதுக்கு."

"நாலு பேருக்காவது திரும்பவும் டீ குடுத்து..."

"பிராஜெக்ட் செப்டம்பரோட முடியுது ரூபினி." அவர் தாள்களை மடித்து அவள் பக்கமே நகர்த்தினார். "அந்தப் பொண்ணுங்களுக்கு எடை குறைஞ்சிருக்கா, இல்லியா?"

"குறைஞ்சிருக்கு."

"அப்ப அட்வைஸ் வேலை செஞ்சிருக்கு. டீயும் கொஞ்சம் காரணமா இருக்கலாம். எல்லா டேட்டாலயும் கொஞ்சம் பிசிறு, நாய்ஸ் இருக்கும்."

சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாவிட்டால் யாருக்கும் எடை குறையும் என்பதை ரூபினி மனதுக்குள் சொன்னாள். மமதாவுக்குக் குறைக்க எடையே கிடையாது என்பதையும் மனதுக்குள்தான் சொன்னாள்.

"பேப்பர இன்னிக்கு சாயந்திரம் அனுப்பறேன். உன் பேரு ரெண்டாவதா இருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லு, எடுத்துடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து அறையில் ஃப்ரீஸர் உறுமுவது கேட்டது. ரூபினிக்கு அந்த நேர்காணல் அறைகள் ஞாபகம் வந்தன. நீள மேசை, ஐந்து பேர், எல்லோருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், அவளுக்கு முன்னால் மட்டும் இல்லை. ஃப்ரீஸர் நின்றது. மறுபடி உறுமத் தொடங்கியது.

மேடம் தலையசைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். சின்ன வயதிலிருந்தே ரூபினியின் மௌனத்தை எல்லோரும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒருவர்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

ஆகஸ்டில் கட்டுரை ஏற்கப்பட்டது. அதைக் காட்டி நேர்காணலுக்குப் போனாள். இந்த முறை அவளுக்கு முன்னாலும் தண்ணீர் பாட்டில் இருந்தது, இடமும் கிடைத்தது. எல்லம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். புது நோட்டீஸ் வழவழப்பான தாளில் தமிழிலும் கன்னடத்திலும் உருதிலும் அச்சாகி வந்தது. சிவாஜிநகருக்கும் பீன்யாவுக்கும் கட்டுக்கட்டாகப் போகப்போகிறது என்றார்கள். 'முப்பத்தாறு பெண்களின் உடல் மாறியது. உங்களுடையதும் மாறும்' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அவள் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மமதா தன் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெட்ஷீட்டை முறுக்கிப் பிழியக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல்கள் வழுக்கிக்கொண்டு முழங்கைவரை போய் நின்றன. ரூபினி தன் வீட்டுப் படியிலிருந்து அதைப் பார்த்தாள். பிறகு படி இறங்கிப் போனாள். மமதா ஒருத்தியிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்கோ, எல்லாம் எந்திரிச்சி நில்லுங்கோ" என்றாள் மமதா.

"மமதாக்கா, ராத்திரி என்ன சாப்புடுறீங்க?"

"ஒரு டம்ளர் மோரு. ஏன்? ஏமாத்துறேனான்னு செக் பண்ண வந்தியா?"

"இனிமே சாப்புடுங்கக்கா. சோறோ களியோ, வயிறு நெறய."

மமதா பெட்ஷீட்டை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"வாணாம்னு எழுதினது நீதான?"

"நான்தான். ஆனா அது தப்பு."

"எது தப்பு? மொதல்ல கெட்டதா காட்டிச்சி, இப்ப நல்லதா காட்டுது. மெஷினு பொய் சொல்லுமா?" அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் புது நோட்டீசை எடுத்துவந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள் போல, ஓரத்தில் குங்குமம் பட்டிருந்தது. "தோ பாரு, உம்பேரு. எனக்குப் படிக்கத் தெரியாது, இந்த ஒரு எடம் மட்டும் தெரியும். எம்புருஷன்கிட்ட காட்டி, இவ எங்க தெருப் பொண்ணு, எங்கையப் புடிச்சி சொன்னவன்னு சொன்னேன். மூணு மாசம் பசில தூக்கம் வராம பொரண்டேன் ரூபினி. இப்ப பழகிடுச்சி. இப்ப வந்து தப்புன்ற."

"அன்னிக்கு டெஸ்ட்டுக்கு வந்தப்போ..." என்று ரூபினி தொடங்கினாள்.

எல்லம்மா இரண்டு டம்ளர் டீயோடு அங்கே வந்தாள். ஒன்றை மமதா பக்கம் நீட்டினாள். "என்னாடி டெஸ்ட்டுல? என்னா தப்பு?"

இரண்டு பேரும் ரூபினியின் முகத்தையே பார்த்தார்கள். டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கையில் பழைய எண்ணெய்த் தழும்புகள். இருபது வருடம் அந்தக் கை ஊரார் வீடுகளில் சமைத்துத்தான் அவளைப் படிக்கவைத்தது. அந்த டீதான் தப்பு என்று இந்தக் கைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அம்மாவுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று ரூபினி தனக்கே சொல்லிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது அந்தக் காரணம்.

"ஒண்ணுமில்ல. ரொம்ப எளச்சிட்டாங்களேன்னு சொன்னேன்" என்றாள்.

"அவ எப்பவும் இப்டிதாங்கா, எல்லாரையும் பாத்து எரக்கப்படுவா" என்றாள் மமதா. டம்ளரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "எனக்கு வாணாம்கா. சக்கரை இருக்கும். நான் எல்லாத்தையும் வுட்டுட்டேன்."

எல்லம்மாவின் முகம் பூரித்தது.

"பாத்தியா, சொன்னதக் கேட்டு எப்பிடி நடக்குறா. உம்பேப்பரு வேலை செய்யுதுடி." நீட்டிய டம்ளரை மகளின் கையில் வைத்தாள். "இந்தா, வீணாப் போவப்போவுது. நீயே குடி."

ரூபினி வாங்கிக்கொண்டாள். மமதா பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போட எம்பினாள். வளையல்கள் மறுபடியும் வழுக்கிக்கொண்டு கீழே போயின. டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. ரூபினி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.